கறுப்புக்குள் ஒரு கீற்று

கணினியின் எழுத்துருப் பட்டியலில் 'இம்பாக்ட்' என்ற பெயரைத் தேர்ந்து, ஆங்கில 'ஓ'வை ஒரு சாண் உயரத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். வட்டம் என்று நாம் நம்பியிருக்கும் எழுத்து அங்கே வட்டமாக இருக்காது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தூண்கள், மேலும் கீழும் அவற்றைச் சேர்த்துக் கட்டும் வளைவு, நடுவில் சாத்திய கதவின் இடுக்கில் தெரியும் வெளிச்சம் போல ஒரு வெள்ளைக் கீற்று. இம்பாக்ட் என்றதும் எல்லோருக்கும் அதன் கறுப்புதான் நினைவுக்கு வரும். எனக்கு அந்தக் கீற்று.

1965-இல் வந்தது இந்த எழுத்து. வரைந்தவர் விளம்பரத் துறையில் இருந்த ஜெஃப்ரி லீ என்ற ஆங்கிலேயர். வெளியிட்டது, கத்திக்கும் எஃகுக்கும் பேர்போன ஷெஃபீல்டு நகரத்தின் பழைய எழுத்து வார்ப்படசாலையான ஸ்டீபன்சன் பிளேக். அப்போது இப்படிப்பட்ட எழுத்துகளுக்கு நல்ல கிராக்கி. சுவிட்சர்லாந்தில் வால்டர் ஹேட்டன்ஷ்வைலர் 1954-இல் ஒடுங்கிய தடித்த எழுத்து ஒன்றை வரைந்திருந்தார். 1963-இல் ஃபிரெட் லாம்பர்ட்டின் 'காம்பாக்டா', லெட்ராசெட் தாள்களில் தேய்த்து ஒட்டும் எழுத்தாக வந்தது. ஈய எழுத்தின் காலம் முடிந்துகொண்டிருந்த வேளையில் ஷெஃபீல்டுக்காரர்கள் ஈயத்தில் வார்த்துக் கொடுத்த பதில்தான் இம்பாக்ட். கொடுத்த இடத்துக்குள் எவ்வளவு மை ஏற்ற முடியுமோ அவ்வளவையும் ஏற்றிவிடுவது என்பதுதான் லீயின் எண்ணம்.

மை ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. தார் பூசினாலும் கறுப்பு வரும். மிச்சம் வைக்கும் வெள்ளையில்தான் கை தெரியும். இம்பாக்டில் நெட்டுக்கோடுகள் கனம், கிடைக்கோடுகள் சற்று மெலிவு. சின்ன 'ஈ'யின் குறுக்குக்கோடும் அதே கனத்தில் இருந்திருந்தால் உள்ளே மூச்சுவிட இடமிருக்காது. சின்ன எழுத்துகளின் உடல், பெரிய எழுத்தின் உயரத்தில் முக்கால் பங்குக்கும் மேல். மேலே நீளும் கொம்பும் கீழே தொங்கும் வாலும் கட்டைக்குட்டை. அதனால் வரிக்கு வரி இடைவெளி விடாமல் அடுக்கலாம். நான்கு வரித் தலைப்பு செங்கல் சுவர் மாதிரி எழும்பி நிற்கும்.

குறுக்குவது வேறு, நசுக்குவது வேறு. டி.டி.பி. கடைகளில் தினம் நடப்பது இரண்டாவது. பேனரில் பெயர் அடங்கவில்லை என்றால் எழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒரு தள்ளு. உடனே நெட்டுக்கோடெல்லாம் மெலிந்துவிடும், கிடைக்கோடு மட்டும் பழைய கனத்திலேயே இருக்கும். வயிறு ஒட்டி எலும்பு துருத்திய எழுத்து அது. குறுகலாகவே வரையப்பட்ட எழுத்தில் ஒவ்வொரு கோட்டின் கனமும் அந்த அகலத்துக்காகவே தீர்மானிக்கப்பட்டது. ஒல்லியாகப் பிறந்தவனுக்கும் பட்டினி கிடந்தவனுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

எங்கே பயன்படுத்துவது? சுவரொட்டி, அட்டை, செய்தித் தலைப்பு. சொற்கள் குறைவாகவும் அளவு பெரிதாகவும் இருக்க வேண்டும். ஒரு பத்தி முழுவதையும் இதில் கோத்தால் படிப்பவர் கண் நோகும். அளவு சிறுக்கச் சிறுக்க 'ஏ', 'ஈ', 'எஸ்' எல்லாம் கீற்று அடைபட்டு ஒரே கரிக்கட்டையாகிவிடும். அச்சில் மை கொஞ்சம் பரவினால் இன்னும் மோசம்.

1996-இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்காக இலவசமாக வழங்கிய எழுத்துருத் தொகுப்பில் இம்பாக்டும் இருந்தது. வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. பிறகு மீம்கள் வந்தன: படத்தின் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி, வெள்ளை எழுத்து, கறுப்பு ஓரம். கையில் கிடைத்த எழுத்து என்பதோடு, அந்த வேலைக்கு ஏற்ற எழுத்தும் அதுதான். பின்னணி வானமோ பூனையோ, வெளுத்ததோ இருண்டதோ, ஓரம் கட்டிய வெள்ளை எழுத்து எதிலும் தனித்துத் தெரியும். மெல்லிய கோட்டு எழுத்தென்றால் அந்த ஓரமே அதை விழுங்கிவிடும். மீம் எழுத்து என்று இன்று வடிவமைப்பாளர்கள் இளக்காரமாகச் சொல்வதுண்டு. சமையல் நன்றாக இருந்ததால் கல்யாணத்துக்குக் கல்யாணம் கூப்பிடப்பட்டவரிடம், எங்கே பார்த்தாலும் நீங்கள்தானா என்று சலித்துக்கொள்வது போலத்தான் இது.

தமிழில் இந்த வித்தை இன்னும் கடினம். 'கி'க்கு மேலே வளைவு, 'ழு'வுக்குக் கீழே சுழிப்பு. இரண்டுக்கும் இடம் விட்டாக வேண்டும் என்பதால் உடலை இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. 'ட'வும் 'ப'வும் பரவாயில்லை, நெட்டுக்குத்தாக நிற்கத் தெரிந்தவை. 'ஞ'வை ஒடுக்கிப் பார்த்தால் தெரியும் சங்கடம். அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் வரும்படி வரையப்பட்ட 'அனெக் தமிழ்' போன்ற எழுத்துருக்கள் இப்போது வந்துவிட்டன. ஆனாலும் கல்யாண பேனர்களில் இன்றும் அந்த ஒரு தள்ளுதான். மூன்றுசுழி 'ண'வின் சுழி அடைபட்டால் தூரத்தில் வருபவருக்கு அது இரண்டுசுழி. 'மணமக்கள்' என்று அடித்தது 'மனமக்கள்' ஆகிவிடும். கீற்றுக்கு இடம் விடாத கறுப்பில் முதலில் காணாமல் போவது ஒரு சுழிதான். அதோடு சேர்ந்து போகிறது கல்யாணம்.