லெனின் வாய்மொழியாக ஒரு முறையீடு: இக்பாலின் மேலை நாகரிக விமரிசனம்

மேலைநாடு பொருளை நம்பியது, கீழைநாடு ஆன்மாவை நம்பியது என்னும் எளிய பாகுபாடு நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இதற்குச் சான்றாகக் கவிஞர் முகம்மது இக்பாலை (1877-1938) எடுத்துக்காட்டுவோரும் உளர். அவருடைய எழுத்துகளைச் சற்றே ஊன்றிப் படிப்பின், அவர் இதற்கு இசையார் என்பது புலப்படும்.

இக்பால் மேலைநாட்டைத் தொலைவிலிருந்து பழித்தவர் அல்லர். 1905 முதல் 1908 வரை ஐரோப்பாவில் தங்கிக் கேம்பிரிட்ஜில் பயின்றவர். பாரசீக மெய்ப்பொருளியலின் வளர்ச்சி பற்றிய ஆய்வுக்காக மியூனிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நீட்சே, பெர்க்சன் ஆகியோரின் சிந்தனையோடு இறுதிவரை உரையாடியவர்.

1935இல் வெளிவந்த 'பாலே ஜிப்ரீல்' என்னும் உருதுத் தொகுப்பில், லெனின் இறைவன் திருமுன் நிற்பதாக அமைந்த கவிதை ஒன்று உண்டு. வாழ்நாளில் இறைவனை மறுத்தவர், இறந்தபின் அவனைக் கண்டு ஐரோப்பாவைப் பற்றி முறையிடுகிறார். அங்கே தேவாலயங்களை விஞ்சி வங்கிக் கட்டடங்கள் ஓங்கி நிற்கின்றன; வணிகம் சூதாட்டமாகிவிட்டது; இயந்திரங்களின் ஆட்சி இதயத்தைக் கொல்கிறது என்பன அம்முறையீட்டின் சாரம். இவற்றைச் சொல்ல ஒரு சூஃபியையோ மார்க்க அறிஞரையோ இக்பால் தேர்ந்திருக்கலாம். அவர் தேர்ந்ததோ ஒரு பொருள்முதல்வாதியின் நாவை. இக்கவிதையின் உயிர்நிலை இத்தேர்விலேயே உள்ளது என்பது நம் கருத்து. வழிபாடு குன்றியதை மட்டும் ஆன்மிக வறுமை என அவர் கருதவில்லை. உழைப்பாளியின் கசந்த நாட்களையும் அதனுள் அடக்கினார்.

சென்னை முஸ்லிம் சங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்க எழுதப்பெற்று, சென்னை, ஐதராபாத், அலிகார் ஆகிய இடங்களில் நிகழ்த்தப்பெற்ற அவருடைய ஆங்கிலச் சொற்பொழிவுகள் 1930இல் நூலாயின. இஸ்லாமியச் சமயச் சிந்தனையின் மறுசீரமைப்பு குறித்த இந்நூலின் 1934ஆம் ஆண்டுப் பதிப்பில், 1932இல் இலண்டனில் ஆற்றிய உரையும் சேர்க்கப்பெற்றது. தற்கால மனிதன் சிந்தனையில் தன்னோடும், அரசியல் பொருளியல் வாழ்வில் பிறரோடும் போரிடுகிறான் என்று அதில் அவர் கூறும் பகுதியைப் பலரும் விரும்பி எடுத்தாள்வர். அதனை அடுத்துவரும் பகுதியையோ பெரும்பாலும் விட்டுவிடுவர். கீழைநாட்டின் இடைக்கால மறைஞான நெறி மக்களுக்குப் பொய்த் துறவைக் கற்பித்து, அறியாமையில் மனநிறைவு கொள்ளச் செய்துவிட்டது என்று அவர் அங்கே சாடுகிறார். நமக்கு இனிப்பதை மட்டும் மேற்கோளாக்குவது ஆய்வாகாது.

எனினும் இக்பாலிடமும் குறையுண்டு. ஐரோப்பாவை அவர் பெரும்பாலும் ஒற்றை உருவாகவே காண்கிறார். இதே குற்றச்சாட்டுகளை அங்கிருந்தே எழுப்பிய சீர்திருத்தவாதிகளுக்கும் தொழிலாளர் இயக்கங்களுக்கும் அவர் தரும் இடம் சிறிது. அவர் முன்வைக்கும் மருந்தாகிய 'குதி' எனும் தன்னாற்றல் கோட்பாடும் முழு நிறைவு தரவில்லை. கட்டுப்பாடு இன்றேல் அவ்வாற்றல் ஆதிக்கமாகிவிடும் என்பதை உணர்ந்தே, 1915இல் வெளியான 'அஸ்ராரே குதி'யில் கீழ்ப்படிதல், தன்னடக்கம் ஆகியவற்றை அதற்கு முற்படிகளாக வகுத்தார். ஆயினும் அவருடைய கவிதைகளில் தனித்துயரப் பறக்கும் ஷாஹீன் என்னும் இராஜாளி பெறும் ஏற்றத்தை இவ்விரு படிகளும் பெறவில்லை. லெனின் யாருக்காக முறையிட்டாரோ, அந்த உழைப்பாளி அவ்வானில் நம் கண்ணுக்குத் தென்படுவதில்லை.