ஆண்டு லைசென்சும் தனிமனித சுதந்திரமும்

கேமரன் மலையில் திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில் பார்க்கும் இடமெல்லாம் பிளாஸ்டிக் கூடாரங்கள்தான். உள்ளே தக்காளி, மிளகாய், கீரை வகைகள். மண்ணைச் சமப்படுத்தி, தண்ணீர்க் குழாய் இழுத்து, ஒரு கூடாரத்தை நிறுத்துவதற்குள் ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் கரைந்துவிடும். அந்தக் கூடாரம் நிற்கும் நிலத்துக்குப் பலரிடம் இருப்பது டி.ஓ.எல். என்று நாம் சொல்லும் தற்காலிக உரிமம் மட்டுமே. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, எந்த மாதத்தில் கொடுக்கப்பட்டாலும் அந்த ஆண்டு டிசம்பரோடு அதன் ஆயுள் முடிகிறது. வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. உரிமம் வைத்திருப்பவர் காலமானால் உரிமமும் செல்லாமல் போகிறது. பிள்ளைகள் புதிதாக மனுப் போட வேண்டும்.

ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய நிலையில் விவசாயி நிரந்தர மனுதாரர் ஆகிவிடுகிறார். மனுதாரர் அதிகாரியிடம் குரலை உயர்த்த மாட்டார். தேர்தல் காலத்தில் யார் கொடியைக் கட்டுவது என்பதைக்கூட யோசித்துத்தான் கட்டுவார். தனிமனித சுதந்திரம் பற்றிய நூல்களை விரித்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மனுதான். ஒருவரைச் சிறையில் தள்ளும்போது அரசின் அத்துமீறல் எல்லோர் கண்ணிலும் படுகிறது. காரணம் சொல்லாமல் ஒருவர் பிழைப்பை நிறுத்தும் அதிகாரத்தைச் சட்டப்புத்தகத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பயன்படுத்தாமல் சும்மா இருந்தாலும் அதுவும் அத்துமீறல்தான் என்பது என் கருத்து.

மேற்கில் தனிமனித சுதந்திரச் சிந்தனைக்குப் பல கிளைகள் உண்டு. உழைப்பைக் கலந்த நிலம் உழைத்தவருக்கே உரியது என்றார் 17-ஆம் நூற்றாண்டின் ஜான் லாக். பிறருக்குக் கேடு வராதவரை ஒருவர் வாழ்வில் அரசோ சமூகமோ தலையிடக் கூடாது என்று 1859-இல் வரையறுத்தார் ஜான் ஸ்டூவர்ட் மில். திட்டமிட்ட பொருளாதாரம் மக்களை அடிமைத்தனத்துக்கு இட்டுச் செல்லும் என்று 1944-இல் எச்சரித்தார் ஹயேக். 1974-இல் ராபர்ட் நோசிக், காவலும் நீதியும் தவிர அரசுக்கு வேறு வேலையே இருக்கக் கூடாது என்ற எல்லைக்குப் போனார். நம் மலையில் லாக்கின் அளவுகோல் ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் ஒரு கேள்வி எழும்: நமக்கு வெகு முன்பே இங்கு வாழ்ந்த செமாய் மக்களின் காட்டுக்கு என்ன பதில்? வேலி போட்டு உழுதால்தான் உழைப்பு என்று எண்ணிய அந்தப் பார்வை பழங்குடிகளின் உரிமையைக் காணவில்லை. மலேசிய நீதிமன்றங்கள் 1990-களில் அடோங் வழக்கிலும் 2002-இல் சாகோங் தாசி வழக்கிலும்தான் அந்த உரிமைக்குச் சட்ட மதிப்புக் கொடுத்தன.

தமிழரிடையே இந்த மரபுக்குப் பெரிய பெயர் ராஜாஜி. 1952-இல் சென்னை மாநில முதல்வரானதும், பலர் பயமுறுத்தியும் கேளாமல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ரேஷன் போனால் பஞ்சம் வரும் என்றார்கள். நெல் சந்தைக்குத் தானாக வந்தது. 1959 ஜனவரியில் காங்கிரஸ் நாகபுரியில் கூட்டுறவுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டபோது, எண்பதை எட்டிய வயதில் அவர் எதிர்த்துக் கிளம்பினார். அதே ஆண்டில் மினூ மசானி, என்.ஜி. ரங்கா ஆகியோருடன் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அன்றைய ஆட்சிக்கு அவர் வைத்த பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. 1967 தேர்தலில் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பிடித்து முதன்மை எதிர்க்கட்சியானது. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார்; 1974-இல் கட்சி வேறொரு கட்சியில் கரைந்தது. தொழில் தொடங்கவும் சரக்கை நகர்த்தவும் ஓர் எழுத்தரின் முத்திரைக்காகக் காத்திருப்பது குடிமகனின் முதுகெலும்பை வளைக்கிறது என்று அவர் கண்டது முற்றிலும் சரி. திரிங்காப் விவசாயிக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் ராஜாஜியின் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்தவர்கள்மேல் குற்றவியல் திருத்தச் சட்டம் பாய்ந்து, பெரியார் உட்பட பலர் சிறை சென்றது அவர் ஆட்சியில். 1951-இல் மத்திய உள்துறை அமைச்சராக, விசாரணையற்ற காவலை நீட்டிக்கும் சட்டத்துக்கும் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கும் வாதாடியவரும் அவரே. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தவர், 1971-இல் அதைத் தளர்த்த வேண்டாம் என்று அன்றைய முதல்வர் கருணாநிதியை நேரில் போய்க் கேட்டுக்கொண்டார். வியாபாரியின் சுதந்திரத்தைக் காத்த கை, பேசுபவரின் சுதந்திரத்தை அவ்வளவு உறுதியாகக் காக்கவில்லை. உலகெங்கும் இந்த மரபைப் பின்பற்றுகிறவர்களிடம் இதே குறையைக் காண்கிறேன். வரியும் உரிமமும் வந்தால் கொதிப்பார்கள். கைது வந்தால் நாட்டுப் பாதுகாப்பு என்று அமைதியாகிவிடுவார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. நம்மை அடக்கியவர்கள் எல்லோரும் அரசாங்கத்தார் இல்லை. பெரியார் 1929-இல் மலாயாவுக்கு வந்தபோது பேசியது கோயிலும் சாதியும் புரோகிதமும் மனிதரை மடக்கி வைத்திருப்பதைப் பற்றி. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1967-இல் அண்ணா ஆட்சியில் சட்டமானது. எனக்கு அது சுதந்திரச் சட்டங்களில் உயர்ந்தது. இருவர் தம் மனத்தால் சேர்வதற்குப் புரோகிதர் தேவையில்லை என்று அரசே ஒதுங்கிக்கொண்டது.

காலனிக் காலத் தோட்டத்தில் துரை எனும் மேலாளரே அரசாங்கம். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் கித்தாத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கூலி உயர்வோடு, துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று கேட்டார்கள். உறவினரும் நண்பரும் லயத்து வீட்டுக்குத் தடையின்றி வந்து போக வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். சொத்துரிமையே சுதந்திரம் என்று சொல்லும் கிளைக்கு இந்தக் கோரிக்கைகளுக்கு நல்ல பதில் கிடையாது. தோட்டம் கம்பெனியின் சொத்து, யார் வரலாம் என்பதை உரிமையாளர் தீர்மானிப்பார் என்றுதான் அது சொல்லும். சைக்கிளில் உட்கார்ந்தபடி துரையைக் கடந்து போகும் உரிமையைக் காக்காத சுதந்திரக் கொள்கையை நான் ஏற்க மாட்டேன். காலனி அரசு துரைகள் பக்கம் நின்றது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது. தொழிலாளர்கள்மேல் துப்பாக்கிச் சூடும் நடந்தது.

1948-இல் அவசரகாலம் வந்தது. இன்று நம் பையில் இருக்கும் அடையாள அட்டை அப்போது பிறந்தது. மக்களைப் பெயர்த்துக் கம்பி வேலிக்குள் புதுக்கிராமங்களில் வைத்தார்கள். 1960 ஜூலையில் அவசரகாலம் முடிந்த மறுநாளே இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது: விசாரணையில்லாமல் போலீஸ் காவலில் 60 நாள், பிறகு அமைச்சர் கையெழுத்தில் இரண்டிரண்டு ஆண்டுகளாக எத்தனை முறையும். ஈப்போவின் டி.ஆர். சீனிவாசகம் இத்தகைய அதிகாரங்களை நாடாளுமன்றத்தில் எதிர்த்து நின்றவர். மலேசியத் தமிழர் அரசியலில் சிவில் சுதந்திரத்துக்கென்று ஒரு கிளை உண்டென்றால் அதன் வேர் அவரிடம் இருக்கிறது. இசாவில் 1987-இல் ஒரே வீச்சில் 106 பேர் சிறை போனார்கள். 2007 டிசம்பரில் இந்து உரிமை அமைப்பான ஹிண்ட்ராப்பின் தலைவர்கள் ஐவர் போனார்கள். 2012-இல் இசா நீங்கியது, அதன் இடத்தில் சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டம் வந்தது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரைப் பிடித்தார்கள், ஜாமீன் கிடையாது. 2020 பிப்ரவரியில் அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது. நான்கு மாதச் சிறை வாழ்வுக்கு யார் கணக்குச் சொல்வது?

நீதிபதிகளின் வழி மெதுவானது, ஆனால் கனமானது. 1969-இல் கரம் சிங் வழக்கில், அமைச்சரின் மனத்திருப்தியை ஆராய முடியாது என்று நீதிமன்றம் ஒதுங்கியது. 1996-இல் தான் தெக் செங் வழக்கில் நீதியரசர் கோபால் ஸ்ரீராம், அரசமைப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு காக்கும் உயிரில் பிழைப்பும் அடங்கும் என்றார். 2018 ஜனவரியில், ஈப்போ பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கில், தாயின் சம்மதமில்லாமல் மூன்று பிள்ளைகளுக்கும் கொடுத்த மதமாற்றச் சான்றிதழ்கள் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒரு பதிவாளரின் முத்திரையைவிட ஒரு தாயின் உரிமை பெரிது என்று நிலைநாட்ட அவருக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின.

இப்போது நம் மலைக்கு வருவோம். 2013 அக்டோபரில் அணை நீர் இரவில் திறந்துவிடப்பட்டுப் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு நவம்பரில் மீண்டும் மண்வெள்ளம். செங்குத்துச் சரிவுகளை வெட்டியதால் ஆற்றிலும் அணையிலும் மண் சேர்ந்தது என்பதை மறுக்க முடியாது. மில் சொன்ன கேடு இதுதான். இங்கே அரசு தலையிடத்தான் வேண்டும். ஆகவே மலையைக் கண்டபடி வெட்டுவதைச் சுதந்திரம் என்று பேசுவோரோடு நான் நிற்கவில்லை. ஆனால் தலையிடும் முறைக்கு ஓர் அளவு வேண்டும். ஆண்டு லைசென்சில் வாழ்பவர் பத்து ஆண்டு நிலைக்கும் மண்தடுப்புச் சுவர் கட்டுவாரா? நாளை யாருடையதோ என்று தெரியாத நிலத்தில் யாரும் மரம் நட மாட்டார்கள். அரசு தன் பிடியை இறுக்கியதாலும் மண் கெட்டது.

குவாலா தெர்லாவில் 2018-19-இல் தோட்டங்களை அகற்றியபோது, அனுமதியில்லாத நிலம் என்றது அரசு. பல பத்தாண்டு உழைத்த இடம் என்றார்கள் விவசாயிகள். இத்தகைய பூசலுக்கு நீண்டகாலக் குத்தகையே தீர்வு. எந்தச் சரிவில் பயிரிடக் கூடாது என்பதைக் குத்தகையிலேயே எழுதுங்கள். மீறியவருக்கு நோட்டீஸ் கொடுங்கள், அவர் பக்கத்தைக் கேளுங்கள், முடிவையும் காரணத்தையும் எழுத்தில் கொடுங்கள். பகாங் அரசிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை இவ்வளவுதான்.

இதைப் படிக்கும் இளைஞர்கள் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 5 முதல் 13 வரையிலான பிரிவுகளை ஒரு மாலையில் படித்துவிடலாம். படித்த பிறகு 149, 150-ஆம் பிரிவுகளையும் படியுங்கள். முன்னது கொடுத்ததைப் பின்னது எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது தெரியும். அடுத்த முறை அப்பாவின் மனுவோடு நில அலுவலகம் போகும்போது, ஏற்றாலும் மறுத்தாலும் பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.