தம்பியும் தம்பியாவும்

அண்மையில் ஒரு நண்பர், தாம் சிங்களத்திலிருந்து தமிழாக்கிய சிறுகதையொன்றின் கையெழுத்துப் பிரதியை அபிப்பிராயம் கேட்டு அனுப்பியிருந்தார். கண்டிச் சந்தையில் ஒருவன் முஸ்லிம் கடைக்காரரோடு சச்சரவுபட்டு, "போடா தம்பி" என்று கத்திவிட்டுப் படியிறங்குகிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. மூலத்தில் இருப்பது ‘தம்பியா’. வசை, தமிழுக்கு வந்ததும் வாஞ்சையாகிவிட்டது.

நண்பரைக் குறைகூறுவதற்கில்லை. சொல் எம்முடையதுதான். பழந்தமிழில் எம்பி என்றால் என் இளையவன், உம்பி உன் இளையவன், தம்பி அவனுடைய இளையவன். முதலிரண்டும் வழக்கொழிய மூன்றாவது பொதுவாயிற்று. "என் தம்பி" என்று நாம் சொல்வது, இலக்கணப்படி பார்த்தால், வேடிக்கைதான். முஸ்லிம்களிடையே அது ஆட்பெயராகவும் நின்றது. செய்குத்தம்பிப் பாவலரை (1874–1950) அறியாதார் யார்?

கண்டிக் கடைத்தெருவில் சிங்களம் எமது பேச்சிலிருந்து எடுத்துக்கொண்டவை வேறும் உண்டு. ‘முதலாளி’ அங்கே கடைக்காரர். ‘நானா’ முஸ்லிம் ஆடவரை முகங்கொடுத்து அழைக்கும் சொல். இவ்விரண்டும் மரியாதையோடு இருக்க, தம்பி மட்டும் ஏன் தாழ்ந்தான்? ‘யா’ என்ற ஈற்றைக் குற்றஞ்சாட்டலாம். நான் ஒப்பேன். உழவனைச் சிங்களத்தில் ‘கொவியா’ என்பர், அதில் இழிவில்லை. (அவித்தலைக் குறிக்கும் ‘தம்பனவா’வோடும் இதை முடிச்சுப்போட வேண்டாம், அது வேறு சொல்.) இளையவன் என்ற பொருளிலேயே வித்து இருந்தது என நினைக்கிறேன். நரைத்த தாடிக்காரரை அப்படி அழைப்பவன் அவரது வயதைப் பார்க்கவில்லை, அவர் நிற்கவேண்டிய இடத்தைக் காட்டுகிறான்.

1915 மே இறுதியில் காசல் ஹில் வீதியில் கலவரம் தொடங்கிய நகரம் இது. 2018 மார்ச்சில் திகனயிலும் அக்குறணையிலும் வன்செயல் நடந்ததைக் கண்ட மாவட்டம். இங்கே நடக்கும் கதையில் இச்சொல்லைத் தவறவிடுவது மொழிபெயர்ப்புப் பிழை மட்டுமன்று. கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது. அடுத்த வரியில் கடைக்காரர் பேசாமல் தராசைத் துடைக்கிறார். "தம்பி" என்று கேட்டவர் ஏன் துடைக்கவேண்டும்?

‘தம்பியா’ என்றே விடுங்கள், அடிக்குறிப்பு வேண்டாம், தராசே சொல்லிவிடும் என்று நண்பருக்கு எழுதினேன். ‘சோனி’ என்று மாற்றலாமா என்று கேட்டிருந்தார். அது தமிழ் பேசும் வாயிலிருந்து எமக்கு வந்த வசை. கண்டிச் சிங்களவன் வாயில் அதை வைத்தால் கதை மட்டக்களப்புக்குப் போய்விடும்.