மூன்று திரையில் ஒரு வானம்

கணினியின் ஒற்றைத் திரையில் விமானம் ஓட்டினால், ஓடுபாதை மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் கண்ணில் படும். இருபுறமும் ஒவ்வொரு திரை சேர்த்துப் பாருங்கள்: இறங்கத் திரும்பும்போதே இடது தோளோரம் ஓடுபாதை தெரியும், எப்போது வளைவது என்பதைக் கண்ணே சொல்லிவிடும். இதற்காகவே அந்தச் செலவு தகும்.

எனக்குப் பிடித்தது இதிலுள்ள கணக்கு. 27 அங்குலத் திரையின் அகலம் சுமார் 60 செ.மீ. அதே தூரத்தில் உட்கார்ந்தால் பார்வைக்கோணம் ஏறக்குறைய 53 டிகிரி. எக்ஸ்-பிளேன் என்ற விமானப் பாவனை மென்பொருளில் ஒவ்வொரு திரைக்கும் இந்தக் கோணத்தைத் தனித்தனியே கொடுக்கலாம். மேசையிலும் பக்கத் திரைகளை ஏறக்குறைய அதே கோணத்துக்கு உட்புறம் திருப்ப வேண்டும். விளிம்புச் சட்டங்களின் அகலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் பொருந்திவிட்டால், விமானம் சாயும்போது அடிவானம் சட்டங்களைத் தாண்டி ஒடியாமல் ஓடும். அப்படியொரு நேர்த்தி! செஸ்னா 172 விமானத்தின் கருவிகளுக்கென்று கீழே நாலாவது திரையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.