எஸ்.எல்.ஆர். பாதியில் நின்றால் எங்கே பார்க்க வேண்டும்?

சுட்டுக்கொண்டிருக்கும்போது எஸ்.எல்.ஆர். என்னும் செல்ஃப் லோடிங் ரைஃபிள் நின்றுவிட்டால் எல்லோரும் துப்பாக்கியைத்தான் திட்டுவார்கள். பட்டாளத்தில் அதைச் சுமந்தவன், பிறகு புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோளாறு பெரும்பாலும் குண்டுகளை அடுக்கும் மேகசீனில் இருக்கும். அதில் இல்லையென்றால் குண்டு வெடிக்கும்போது கிளம்பும் கேஸில் இருக்கும். துப்பாக்கியின் உடம்பில் இருப்பது அபூர்வம்.

இப்போது வெள்ளகோவிலில் இருக்கிறேன். ராணுவத்துக்கும் போலீஸுக்கும் ஆள் எடுக்கும் காலத்தில் விடிகாலை ஓட்டப் பயிற்சிக்கு வரும் பையன்கள் பலர் தறி ஓட்டிவிட்டு நேராக வருகிறவர்கள். "ஏனுங்கண்ணா, சினிமாவுல மாதிரி ஜாம் ஆனா தட்டுனா சரியாயிடுமுங்களா?" என்று ஒருவன் கேட்டான். தட்டினால் சரியாகாது. ஏன் ஆகாது என்பதைத்தான் எழுதுகிறேன். எஸ்.எல்.ஆர். தனியார் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய ஆயுதம் இல்லை. ஆனால் சீருடை போடப் போகிறவன் கையில் நாளைக்கே கொடுக்கப்படலாம்.

ஏட்டில் இதன் பெயர் 7.62 மி.மீ. 1ஏ1. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் உருவாக்கிய எஃப்.ஏ.எல். துப்பாக்கிதான் மூலம். 1962 சீனப் போரில் நம் வீரர்கள் கையில் இருந்தது, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய .303 துப்பாக்கி. அந்த அனுபவத்துக்குப் பிறகு தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். படைக்கு வேகமாக வந்தது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் செய்தார்கள். எங்கள் ஊர் வழியாகப் போகும் கோவை-திருச்சி சாலையின் மறுமுனையில், திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் செய்தார்கள். 1971 போரில் நம் காலாட்படையின் கையில் இருந்தது இதுதான். ராணுவம் வேறு துப்பாக்கிக்கு மாறிய பிறகும் போலீஸ் ஆயுதப் படைகளில் நெடுநாள் உழைத்தது.

கையில் எடுத்தால் நீளம், கனம். வெறும் துப்பாக்கியே நாலரைக் கிலோவுக்குப் பக்கம். ஒரு மீட்டருக்கு மேல் நீளம் என்பதால் வண்டிக்குள் ஏறி உட்காருவதே பாடு. தோளில் நல்ல உதை கொடுக்கும். ஆனால் முந்நூறு மீட்டரில் வைத்த இடத்தில் போய் அடிக்கும். அந்தக் கனத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், 7.62 குண்டின் உதையைத் தாங்க அது வேண்டும்.

இனி கோளாறுக்கு வருவோம். தறி நின்றால் மெக்கானிக் முதலில் என்ன பார்ப்பார்? ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பார். பெட்டிக்குள் முழுசாகப் போனதா, பாவு நூலுக்கு நடுவே மாட்டியதா என்பதிலேயே பாதிக் காரணம் தெரிந்துவிடும். எஸ்.எல்.ஆரிலும் பேரலின் பின்வாயை மூடும் பிரீச் பிளாக் எங்கே நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. குண்டு வெடித்ததும் பேரலிலிருந்து கொஞ்சம் கேஸ் பிரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பிரீச் பிளாக்கைப் பின்னால் அனுப்புகிறது. அது போகும் வழியில் காலிக் கூட்டை இழுத்து வெளியே எறிகிறது. ஸ்பிரிங் தள்ள முன்னால் வரும்போது மேகசீனின் மேல் குண்டை உருவி, பேரலின் பின்முனையில் குண்டு உட்காரும் சேம்பருக்குள் ஏற்றுகிறது. பின்னால் போவது, எறிவது, உருவுவது, ஏற்றுவது: இந்த நாலில் எது குறைந்தாலும் துப்பாக்கி நிற்கும்.

அடிக்கடி வருவது இது: டிரிகரை இழுக்கிறோம், வெறும் 'டக்'. முதலில் குழாயை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் குண்டும் உண்டு. பிறகு இழுத்துப் பார்த்தால் சேம்பர் காலி. மேகசீனில் குண்டு இருக்கிறது, ஆனால் ஏறவில்லை. ஒரு ரேஞ்சில் இப்படித் திரும்பத் திரும்ப நின்ற துப்பாக்கியின் பக்கத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் வந்து நின்றார். அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. தரையைப் பார்த்தார். காலிக் கூடுகள் வலப்பக்கம் தள்ளி, ஒரே இடத்தில் குவியலாகக் கிடந்தன. "கேஸ் நன்றாக இருக்கிறது, மேகசீனை மாற்று" என்றார். மாற்றினோம், அதற்கப்புறம் ஒரு தடங்கலும் இல்லை.

அவர் பார்த்தது என்னவென்றால், கூடு பலமாக வெளியே விழுந்தால் பிரீச் பிளாக் முழுத் தூரமும் பின்னால் போயிருக்கிறது. போயும் குண்டு ஏறவில்லை என்றால் குண்டு வர வேண்டிய உயரத்துக்கு வரவில்லை. மேகசீனின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது மேகசீன் சரியாக உட்கார்ந்திருக்காது. மாறாக, கூடு சோம்பலாகக் காலடியிலேயே விழுந்தாலோ, வெளியே வராமல் வாயில் மாட்டிக்கொண்டாலோ அது கேஸ் குறைவு. காலிக் கூடு கிடக்கும் இடத்தைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு, துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரின் வேலை பாதி தெரியும்.

மேகசீனை மாட்டும்போது முன்பக்கக் கொக்கியை முதலில் உள்ளே கொடுத்து, பிறகு பின்பக்கம் மேலே தூக்க வேண்டும். 'கிளிக்' சத்தம் கேட்டால் மட்டும் போதாது, கீழே ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். அவசரத்தில் அரைகுறையாக மாட்டினால் முதல் குண்டு எப்படியோ ஏறும், இரண்டாவது ஏறாது. அடுத்து, மேகசீனின் உதடுகள். இரண்டு பக்கமும் உள்ளே மடிந்து, மேல் குண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தத் தகட்டு விளிம்புகள்தான் குண்டு எந்தக் கோணத்தில் கிளம்ப வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. சிமென்ட் தரையில் ஒருமுறை தலைகீழாக விழுந்தால் ஒரு உதடு நசுங்கும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, வெளிச்சத்தில் பிடித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும். அந்த மேகசீனில் குண்டின் மூக்கு கீழே குத்தி முன்சுவரில் இடிக்கும், அல்லது மேலே தூக்கிக்கொண்டு சேம்பர் விளிம்பில் முட்டும். உடம்பில் ஒடுக்கு விழுந்தால் உள்ளே குண்டுகளைத் தூக்கும் தட்டு சாய்ந்து மாட்டும். சந்தேகமான மேகசீனுக்கு ஒரு அடையாளம் போட்டு இன்னொரு துப்பாக்கியில் மாட்டிப் பாருங்கள். கோளாறும் கூடவே போனால் வழக்கு முடிந்தது.

எஸ்.எல்.ஆரின் இருபது குண்டு மேகசீன் இரும்புத் தகடு. ஒடுங்கும், ஆனால் உடையாது. அதற்குப் பிறகு வந்த இன்சாஸ் துப்பாக்கியின் மேகசீன் உள்ளே குண்டு தெரியும் பிளாஸ்டிக்; 1999 கார்கில் குளிரில் அது விரிசல் விட்டதாக வந்த புகார்கள் நாடறிந்தவை. எடை குறைவு என்பதற்காக மேகசீனில் சமரசம் செய்யக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

கேஸ் விஷயத்தில் எஸ்.எல்.ஆர். எனக்கு மிகவும் பிடித்த துப்பாக்கி. பேரலுக்கு மேலே இருக்கும் ரெகுலேட்டர் வளையத்தைத் திருப்பி, பிஸ்டனுக்கு எவ்வளவு கேஸ் போக வேண்டும் என்பதைச் சுடுகிறவனே வைத்துக்கொள்ளலாம். திறந்தால் கேஸ் வெளியே கசியும். மூடினால் பிஸ்டனுக்குப் போகும். நன்றாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுட்டு, கூடு ஒழுங்காக எறியப்படும் வரை ஒவ்வொரு கிளிக்காக மூடி வர வேண்டும். அதற்கு மேல் இரண்டு கிளிக் கூடுதலாக வைத்தால் அழுக்குப் படிந்தாலும் தாங்கும். நிற்கவே கூடாது என்று முழுக்க மூடிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் உதை கூடும், பாகங்கள் ஒன்றோடொன்று மோதித் தேயும், கூட்டின் விளிம்பையே அதை இழுக்கும் கொக்கி பிய்த்துவிடலாம்.

இன்னொன்று. முன்னால் இருக்கும் கேஸ் பிளக்குக்கு, கிரெனேடு எறிவதற்கென்று கேஸை முழுவதுமாக அடைக்கும் நிலை ஒன்று உண்டு. சுத்தம் செய்து பூட்டும்போது பிளக் திரும்பி மாட்டிவிட்டால், ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்தால்தான் ஏறும். துப்பாக்கி பழுது என்று ஆயுதங்கள் வைக்கும் கோத்துக்குத் திருப்பி அனுப்புவதற்கு முன்பு பிளக்கை ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக சேம்பர். குண்டு முக்கால்வாசி உள்ளே போய் நிற்கிறது, பிரீச் பிளாக் மூடவில்லை. இங்கேதான் தட்டுகிற ஆசை வரும். எஸ்.எல்.ஆரின் இடப்பக்கக் கைப்பிடி பின்னால் இழுக்க மட்டும்தான். அதைப் பிடித்து முன்னால் தள்ளிப் பூட்ட முடியாது. வடிவமைத்தவர் தந்த நல்ல கட்டுப்பாடு என்றே இதை நினைக்கிறேன். போகாத குண்டை அமுக்கி ஏற்றினால் பிறகு எடுக்கவும் முடியாது. மேகசீனைக் கழற்றி, இழுத்து, குண்டை வெளியே எடுத்துப் பாருங்கள். ஒடுக்கோ பச்சைக் களிம்போ இருந்தால் ஒதுக்குங்கள். குண்டு நன்றாக இருந்தால் சேம்பரில் கரி. பயிற்சியில் வெற்றுத் தோட்டா சுட்ட மறுநாள் இது நிச்சயம் வரும், அதன் புகைக்கரி அவ்வளவு. புல் த்ரூ கயிற்றில் சிந்தித் துணி கட்டிப் பேரலை இழுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள்; பேரலை விட அகலமான சேம்பரின் சுவரை அந்தத் துணி சரியாகத் தொடாது. அதற்கென்று இருக்கும் பிரஷ்ஷைப் போட வேண்டும். முடித்ததும் சேம்பர் உலர்ந்து இருக்க வேண்டும். ஓடும் பாகங்களுக்கு எண்ணெய் மெல்லிய பூச்சாக, சேம்பருக்கும் குண்டுக்கும் ஒரு சொட்டும் கூடாது. எண்ணெய் இருந்தால் கூடு சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, முழு அழுத்தமும் பிரீச் பிளாக்கின் முகத்தில் விழும்.

சில நேரம் சுத்தமான சேம்பரிலும் நல்ல குண்டு பாதியில் நிற்கும். வெளியே எடுத்த காலிக் கூட்டைப் பாருங்கள். அடிப்பாகம் மட்டும் வந்து, முன்பாதி உடைந்து உள்ளேயே தங்கியிருக்கலாம். அதற்குள் அடுத்த குண்டு போய் மாட்டுகிறது. அதைக் கத்தியாலோ கம்பியாலோ நோண்டக் கூடாது. உடைந்த கூட்டை உருவ ஆர்மரரிடம் தனிக் கருவி இருக்கிறது. மேகசீனைக் கழற்றி, சேம்பர் வாயைத் திறந்தபடி, குழாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்து, அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.