கையால் துடைக்கிற புல்லட்

வாட்டர் சர்வீஸில் விட்டால் சீக்கிரம் பளிச்சென்று வந்துவிடும். ஆனாலும் புல்லட்டைக் கையால் கழுவுவதுதான் எனக்குப் பிடிக்கும். இஞ்சின் நன்றாக ஆறியபின், முதலில் வெறும் தண்ணீர். மண் ஊறி இறங்குமுன் துணி பட்டால் பெயின்டில் கீறல் விழும். பிறகு ஷாம்பு நுரை, மேலிருந்து கீழாக.

ஸ்போக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ். ஒவ்வொன்றாகத் தேய்க்கும்போது தளர்ந்த கம்பி விரலுக்குத் தெரிந்துவிடும். இஞ்சின் அடியில் கசிகிற ஆயிலும் அப்போதுதான் கண்ணில் படும். வண்டியோடு இவ்வளவு நெருங்க வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. செயினை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, துடைத்து, காய்ந்தபின் உள்பக்கமாக எண்ணெய் விட வேண்டும். ஓடும்போது அது தானே வெளிப்பக்கம் பரவும். பிரேக்கில் மட்டும் ஒரு சொட்டும் படக்கூடாது.

டேங்குக்குத்தான் அதிக நேரம் கொடுப்பேன். திருவொற்றியூர் தொழிற்சாலையில் தூரிகை பிடித்து, கையாலேயே இழுத்த தங்கக் கோடுகள் அதில் ஓடுகின்றன. என்ன நிதானமான கை! மெழுகு தடவித் துடைக்கையில் உற்றுப் பாருங்கள்; வளைவில் கோட்டின் தடிமன் மயிரிழை மாறும், வரைந்தவர் அங்கே தெரிவார். அந்த இடத்தில் மிருதுவான பருத்தித் துணி போதும், அழுத்தித் தேய்க்காதீர்கள்.