மக்கள் என்னும் சொல்: ரொசான்வலோனின் கருத்துகளும் திருவிதாங்கூர்ச் சான்றும்

மக்களாட்சிக் கோட்பாட்டை அதன் சொற்களின் வரலாற்றோடு சேர்த்து ஆராய்ந்தவர்களுள் பிரெஞ்சு வரலாற்றறிஞர் பியேர் ரொசான்வலோன் குறிப்பிடத்தக்கவர். அவர்தம் நூல்களின் தலைப்புகளே மொழிபெயர்ப்பாளர்க்கு இடர்ப்பாடு தருவன. அவருடைய கலைச்சொற்களைத் தமிழில் தரும்போது எழும் சிக்கல்களையும், தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து வழங்கும் திருவனந்தபுரத்தின் அரசியல் வரலாறு அவற்றைத் தெளிவுபடுத்தும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. வாழ்வும் ஆய்வும்

1948இல் புளுவா நகரில் பிறந்த ரொசான்வலோன் கல்வி நிறுவனத்திலிருந்து அன்றித் தொழிற்சங்கத்திலிருந்து வரலாற்றாய்வுக்கு வந்தவர். செ.எஃப்.டே.டே. என்னும் தொழிற்சங்கக் கூட்டமைப்பில் பொருளியல் ஆலோசகராகப் பணியாற்றிய அவர், தொழிலாளர் தம் தொழிலைத் தாமே நிருவகிக்கும் தன்னாட்சி முறை பற்றி 1976இல் நூல் எழுதினார். பின்னர்க் கிளோத் லெஃபோர், பிரான்சுவா ஃபுரே ஆகியோரின் சிந்தனைச் சூழலில் வரலாற்றாய்வில் ஈடுபட்டார். 2001 முதல் 2018 வரை கொலேழ் த பிரான்சு நிறுவனத்தில் பேராசிரியராக விளங்கினார். வாக்குரிமை வரலாறு (1992), பிரதிநிதித்துவ வரலாறு (1998), மக்கள் இறைமை வரலாறு (2000) ஆகியவற்றை ஆராயும் மூன்று நூல்கள் அவருடைய ஆய்வின் அடித்தளம் எனலாம்.

2. பால்வேறுபாடும் பொருள்வேறுபாடும்

பிரெஞ்சு மொழியில் 'பொலிதிக்' என்னும் சொல் பெண்பாலாக வரும்போது கட்சிப் போட்டி, அதிகாரப் போட்டி, அன்றாட ஆட்சி நடைமுறை ஆகியவற்றைக் குறிக்கும். ஆண்பாலாக வரும்போது, ஒரு கூட்டம் தன்னை ஒரு சமுதாயமாக அமைத்துக்கொள்ளும் அடிப்படையைக் குறிக்கும். ரொசான்வலோன் எழுதுவது பின்னதன் வரலாறு. தமிழில் அஃறிணைப் பெயர்க்கு ஆண்பால் பெண்பால் இன்மையால் இவ்வேறுபாட்டை இலக்கணத்தால் காட்ட இயலாது. சொல்லால்தான் காட்டல் வேண்டும். இரண்டையும் 'அரசியல்' என்றே பெயர்த்தால் நூலின் பொருளே மாறிவிடும். 'அரசியற்களம்' எனலாமெனின், ரொசான்வலோன் அதனைக் களமாக மட்டுமன்றி இடையறாத பணியாகவும் கருதுகிறார். களம் என்னும் சொல் பாதியையே தரும். 'அரசியன்மை' என்பது மைவிகுதியால் அடிப்படைத் தன்மையை உணர்த்தும். எனினும் இயக்கத்தை உணர்த்தாது. முதல் ஆட்சியில் விளக்கம் தந்து இதனைப் பயன்படுத்துவதே ஏற்றது.

3. குடியும் பிரஜையும்

1992ஆம் ஆண்டு நூலின் தலைப்பிலுள்ள 'சாக்ர்' என்பது பிரெஞ்சு மன்னர்க்கு ரேன்சு நகரப் பேராலயத்தில் எண்ணெய் பூசி நிகழ்த்திய சடங்கின் பெயர். மன்னர்க்குரிய அத்திருநிலை குடிமகனுக்கு வந்ததைத் தலைப்புச் சுட்டுகிறது. 'முடிசூட்டு' என்பதைவிடப் 'பட்டாபிஷேகம்' என்பதே இங்குப் பொருந்தும். தனித்தமிழ் விருப்பம் பொருளைக் குறைக்கும் இடம் இது. 1998ஆம் ஆண்டு நூலோ, மக்களே இறைமையுடையோர் எனினும் அவர்களை ஓர் உருவமாகக் காண இயலாது என்னும் முரணைப் பேசுகிறது. 'மக்கள்' என்பது முன்பே உள்ள பொருளன்று. யார் மக்கள் என்பதைச் சட்டமும் வழக்கும் மீண்டும் மீண்டும் வரையறுக்கின்றன.

இதற்குத் திருவனந்தபுரம் தெளிவான சான்று. 1904இல் அங்குக் கூடிய மன்றம் ஆங்கிலத்தில் மக்களுக்குரிய அவை என்னும் பொருள்படும் பெயரையும், நாட்டு வழக்கில் ஸ்ரீமூலம் பிரஜா சபை என்னும் பெயரையும் பெற்றது. இரண்டும் ஒன்றல்ல. பிரஜை என்னும் வடசொல்லுக்கு மகவு என்பதும் ஆளப்படுவோன் என்பதும் பொருள். மன்னனைத் தந்தையாகக் கொள்ளும் சொல் அது. சபையினர் குறைகளை எடுத்துரைக்கலாம். சட்டம் இயற்ற இயலாது. 1911இல் நியமன உறுப்பினரான அய்யன்காளி, புலையர்க்கு நிலமும் பள்ளி நுழைவும் வேண்டி அச்சபையில் பேசினார். 1948இல் வயதுவந்தோர் வாக்குரிமையின்படி திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தபோது பிரஜை வாக்காளனானான்.

அதே 1948இல் இலங்கையில் இயற்றப்பட்ட சட்டம் தமிழில் 'பிரஜாவுரிமைச் சட்டம்' என வழங்கியது. மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் அதனால் குடியுரிமையற்றோராயினர். ஒரே சொல் ஓரிடத்தில் வாயிலாகவும் மற்றோரிடத்தில் தாழாகவும் அமைந்தது. எனவே 'குடி', 'மக்கள்', 'பிரஜை', 'சனம்' ஆகியவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொண்டு நடை வேறுபாட்டுக்காக மாற்றி மாற்றி வழங்குவது பிழையாகும்.

மலையாளத்தின் 'ஜனாதிபத்யம்' மக்களின் இறைமையைச் சுட்டுகிறது. தமிழின் 'மக்களாட்சி' ஆளும் செயலையும் உள்ளடக்குகிறது. வாக்களித்து ஒப்புதல் தருவது வேறு, மக்களாட்சி முறையில் ஆளப்படுவது வேறு என்று ரொசான்வலோன் 2015ஆம் ஆண்டு நூலில் வாதிடுகிறார். அவ்வேறுபாட்டை விளக்க இவ்விரு சொற்களும் ஒருங்கே வேண்டும்.

4. 'எதிர்' என்னும் முன்னொட்டு

தேர்தலுக்குப் புறத்தே மக்கள் ஆட்சியாளரைக் கண்காணித்தல், தடுத்தல், தீர்ப்பிடுதல் ஆகிய மூன்றையும் 2006இல் அவர் ஒரு பெயரால் தொகுத்தார். அதனை 'எதிர்மக்களாட்சி' என்றால், 'எதிர்ப்புரட்சி' என்பதுபோல் மக்களாட்சிக்குப் பகையானது எனப் படிப்போர் கொள்வர். 'காவல் மக்களாட்சி' என்றால், கண்காணிப்பு முற்றினால் பொறுப்பற்ற வெறுப்பாக மாறும் என்னும் அவருடைய எச்சரிக்கை மறைந்துவிடும். 'எதிர்கொள்' என்னும் வழக்கில் 'எதிர்' பகைமையன்று, முகத்துக்கு முகம் நிற்றலே. அப்பொருளை விளக்கி 'எதிர்' என்பதையே கொள்ளுதல் தகும்.

எனினும் இக்கோட்பாட்டுக்கு ஒரு வரம்புண்டு. ரொசான்வலோனின் சான்றுகள் பெரிதும் பிரான்சு, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சார்ந்தவை. தேர்தல் ஆட்சியைச் சூழ்ந்து நிற்பதாகவே அவர் இவ்வாற்றலை விளக்குகிறார். திருவிதாங்கூரிலோ வாக்குரிமைக்கு முன்பே விண்ணப்பம் வந்தது. 1891இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட மலையாளி விண்ணப்பமும், 1896இல் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட ஈழவர் விண்ணப்பமும் அரசுப்பணி வாய்ப்பைக் கோரின. கோரியவர் தனி மனிதராக அன்றிச் சமூகங்களாக முன்நின்றனர். முன்னதிலுள்ள 'மலையாளி' என்னும் சொல், அரசுப்பணியில் மேலோங்கியிருந்த தமிழ்ப் பிராமணரைப் புறத்தே நிறுத்தியது. ஐந்தே ஆண்டில் ஈழவர் தனியே விண்ணப்பித்தமை, அச்சொல் உள்ளிருந்தோர் அனைவரையும் ஒருங்கே தாங்கவில்லை என்பதைக் காட்டும். பிரெஞ்சு வரலாற்றின் தனிக் குடிமகனை இங்குத் தேடினால் சமூகங்களின் வழக்கே முதலில் எதிர்ப்படும்.

ரொசான்வலோனைத் தமிழில் தருவோர் நிகர்ச்சொல் தேடுவதோடு அமைதல் போதாது. ஒவ்வொரு சொல்லும் தமிழ் வழங்கும் நிலங்களில் யாரை உட்கொண்டது, யாரை விலக்கியது என்பதையும் உடன் ஆராய்தல் வேண்டும். அவருடைய ஆய்வுமுறைக்கு உண்மையாக நிற்கும் மொழிபெயர்ப்பு அதுவே.